கண்மாய்க்குள் நின்ற சாட்சி

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருக்கும். அடுத்தடுத்து மழை பொய்த்து, மதுரையைச் சுற்றியிருந்த பூமியெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த நேரம். வைகைக்குள் மாடு மேய்ந்தது. சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலே வாடுகிறது என்றால் மற்ற இடங்களைக் கேட்கவே வேண்டாம். அப்போது நான் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கண்மாய், வாய்க்கால், மடை என்று தண்ணீர் ஓடுகிற, அல்லது ஓட வேண்டிய, இடங்களை அளந்து எழுதுவது என் வேலை. இது நடந்தது டி. கல்லுப்பட்டி போகிற வழியில், மெயின் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கண்மாயில். ஊர்ப்பெயர் வேண்டாம். அங்கே இன்னமும் அதே ஜனங்கள்தான் இருக்கிறார்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மதுரைப் பட்டுநூல்காரக் குடும்பம். வீட்டுக்குள் எங்கள் சௌராஷ்டிர பாஷை, வெளியில் தமிழ். அப்பா தறியில் இருந்தார். நான் டிப்ளமோ படித்து, வேலைக்கு வந்து, திருநகரில் வாடகைக்குக் குடியிருந்தேன். பயந்த சுபாவம். நான் ரோட்டைக் கடக்க நின்றால், எனக்குப் பின்னால் வந்த கிழவர் கடந்துபோய் டீயும் குடித்து முடித்திருப்பார். ஆபீசில் எனக்கு நல்ல பெயர் இருந்ததற்குக் காரணமே நான் யாரையும் எதற்கும் மறுத்துப் பேசியதில்லை என்பதுதான்.

அந்தக் கண்மாய்க்கு மேற்கே ஓர் ஊர், கிழக்கே ஓர் ஊர். தண்ணீர் ஒன்றுதான். மேற்கு மடை அவர்களுக்கு, கிழக்கு மடை இவர்களுக்கு. முந்தின வருடம் ஒரு கட்சிக் கொடிக்கம்பத்தை எங்கே நடுவது என்பதில் ஆரம்பித்த வாய்த்தகராறு, கைகலப்பாகி, அரிவாள் வரைக்கும் போய்விட்டது. கிழக்கூரில் ஒருவருக்கு வலது கை போயிற்று. மேற்கூர் வாலிபர்கள் நாலைந்து பேர் மேல் வழக்கு. பாதி ஆண்கள் கோர்ட்டுக்கு அலைந்தார்கள், மீதிப்பேர் திருப்பூர்ப் பக்கம் போய் ஒதுங்கிக்கொண்டார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் போலீஸ் காவல். நாலு ஆண்கள் சேர்ந்து நின்றால் வேனில் ஏற்றிவிடுவார்கள். இது போதாதென்று இரண்டு ஊர்க் கூட்டத்திலும், சொல்லிவைத்த மாதிரி ஒரே கட்டுப்பாட்டைப் போட்டிருந்தார்கள். அடுத்த ஊர்க்காரரோடு யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது, பேசினால் ஊரைவிட்டுத் தள்ளிவைப்பு.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று ஒருவர் உள்ளே வந்தார். கண்மாயில் மூன்றடி ஆழத்துக்கு மண் எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கிய குத்தகைதாரர். நகரத்தைச் சுற்றிப் புதிது புதிதாகப் பிளாட் போட்ட காலம், மேடாக்க மண் வேண்டியிருந்தது. மேற்கூரில் கேட்டால் கிழக்கூர்க்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள் என்பார். கிழக்கூரில் கேட்டால் மேற்கூரைக் கை காட்டுவார். இரண்டு ஊருக்கும் பேச்சே இல்லாதபோது அது பொய்யென்று எப்படித் தெரியும்? பொக்லைன் மூன்றடியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

இதில் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். கண்மாயின் தரை மடையைவிடத் தாழ்ந்துபோனால், நாளைக்கு மழை பெய்தாலும் முதல் தண்ணீர் முழுக்க அந்தப் பள்ளத்திலேயே தங்கிவிடும். மடைக்கு ஏறாது. கண்ணுக்கு முன்னால் தண்ணீர் கிடக்கும், வயல் காய்ந்து கிடக்கும். ஏற்கனவே மழை குறைந்துபோன பூமிக்கு இதைவிட வேறு சாபம் வேண்டாம்.

இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் என்னைப்போல் டிப்ளமோ படித்தவர்கள் இல்லை. மண் சுமக்கிற பெண்கள். இரண்டு ஊர்ப் பெண்களும் ரோடு வேலை, கால்வாய் வேலை என்று மண்வேலைக்குப் போகிறவர்கள். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எங்கே மண் வெட்டினாலும் நடுவில் ஓரிடத்தை மட்டும் வெட்டாமல் தூண் மாதிரி விட்டுவைப்பார்கள். பழைய தரை எந்த உயரத்தில் இருந்தது என்பதை அந்தத் தூண்தான் சொல்லும். அதை அவர்கள் சாட்சி என்றார்கள். கண்மாய்க்குள் கருவேல மரங்களை வெட்ட இந்தப் பெண்களைத்தான் குத்தகைதாரர் முதலில் கூலிக்கு வைத்திருந்தார். வேலை முடிந்து போகிற போக்கில், "நடுவுல சாட்சி விட்ருங்கண்ணே" என்று பொக்லைன் டிரைவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவரும் மண்வேலையிலேயே வளர்ந்தவர். மூளை யோசிப்பதற்குள் கை விட்டுவிட்டது. குத்தகைதாரர் என்றாவது ஒருநாள் தன்னைக் காட்டிக்கொடுக்கப் போகும் தூணைத் தன் மெஷினாலேயே செதுக்கிவைத்த கதை இதுதான்.

அவருக்கு விஷயம் உறைத்து, அதை இடிக்கச் சொன்ன அன்றைக்குப் பெண்கள் தூணைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஆண்கள் உட்கார்ந்திருந்தால் கலவரம் என்று போலீஸ் வந்திருக்கும். குத்தகைதாரர் ஆட்களை இறக்கினாலும் அதே போலீஸ் வரும். அதனால் பெண்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். முறைவைத்து, கஞ்சித்தூக்கோடு வந்து, ஒரு மாதத்துக்கு மேல். மேற்கூர்ப் பெண்களைக் குத்தகைதாரர் விலைக்கு வாங்கிவிடுவாரோ என்று கிழக்கூருக்குச் சந்தேகம், கிழக்கூர்மேல் மேற்கூருக்கு அதே சந்தேகம். அதனால் எந்த நேரமும் இரண்டு ஊர்ப் பெண்களும் அங்கே இருந்தார்கள். அவநம்பிக்கையிலும் ஒரு நன்மை உண்டு என்பதை அங்கேதான் பார்த்தேன்.

அவர்கள் எழுதிய மனு என் மேஜைக்கு வந்தது. நேரில் போய்ப் பார்த்து அளவு எழுதி வா என்று மேலதிகாரி சொன்னார். சொன்ன விதத்திலேயே, அவசரமில்லை என்பதும் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மொபெட்டில் போனேன். கரைமேல் குத்தகைதாரரின் கொட்டகை. என்னைப் பார்த்ததும் நாற்காலி வந்தது, டீ வந்தது. அவர் குரல் உயர்த்தவில்லை, மிரட்டவில்லை. என் வீடு திருநகரில் எந்தத் தெரு என்பதை மட்டும் தற்செயலாகச் சொன்னார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

பிறகு பேருக்குப் பள்ளத்தில் இறங்கினேன். ஒரு தெருவையே உள்ளே வைத்துவிடலாம், அவ்வளவு பெரிய பள்ளம். நடுவில் தன்னந்தனியாக அந்த மண்தூண். இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே, அடி பெருத்து, மேலே போகப் போகச் சிறுத்து. சுற்றி இருபது பெண்கள் இருப்பார்கள். மேற்குப் பக்கம் மேற்கூர், கிழக்குப் பக்கம் கிழக்கூர். மேற்கூரில் முன்னால் நின்றவர் நாற்பத்தைந்து வயதிருக்கும், நெடுநெடுவென்று உயரம். மண்வேலைக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவர் என்பதால் எல்லோரும் அவரை மேஸ்திரியம்மா என்றார்கள். கிழக்கூரில் முன்னால் நின்றவர் சின்ன வயசு, இருபத்தைந்தைத் தாண்டாது. ஒடிசலான உடம்பு, பேச்சு மட்டும் வெடுக்கென்று வரும்.

அங்கே ஒரு விசித்திரம் பார்த்தேன். சின்னவர் தூணைப் பார்த்து, "ஏ சாட்சி, அங்கிட்டு வெயிலு ஏறுது, கொஞ்சம் இங்கிட்டு நெழலுக்கு வரச்சொல்லு" என்றார். மேஸ்திரியம்மா தன் ஆட்களோடு எழுந்து நிழலுக்கு நகர்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரும் தூணைப் பார்த்தே, "சாட்சி, ஆபீசரு வந்திருக்காரு, மனு நகலை எடுக்கச் சொல்லு" என்றார். சின்னவர் எடுத்தார். ஏதோ வேண்டுதல் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. ஊர்க் கட்டுப்பாட்டை ஓர் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை, மண்ணோடு பேசுகிறார்கள். யாரும் தள்ளிவைக்க முடியாது. சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி சுவரைப் பார்த்துச் சோறு கேட்பது மாதிரி. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இப்போதே அளந்து எழுதிவிடுங்கள் என்று மேஸ்திரியம்மா கேட்டார். அவர்களே கயிறு போட்டு அளந்து பதிமூன்றரை அடி என்று வைத்திருந்தார்கள். ஆனால் அது சர்க்கார் அளவுப் புத்தகத்தில் ஏறினால்தான் கலெக்டர் ஆபீசில் பேச்சு எடுபடும். போட்டோ கூட எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், போட்டோவில் ஆழம் எப்படித் தெரியும் என்று பதில் வந்ததாம். நான் கரையைத் திரும்பிப் பார்த்தேன். கொட்டகை வாசலில் குத்தகைதாரர் நின்றுகொண்டிருந்தார். அளவுக்கம்பு கொண்டுவரவில்லை, பிடிக்கிற ஆள் லீவு, திங்கட்கிழமை வருகிறேன் என்றேன். மடக்கி நீட்டுகிற அந்த அளவுக்கம்பு என் மொபெட்டிலேயே கட்டியிருந்தது, கோணிக்குள். அது தெரிந்தோ தெரியாமலோ அந்த அம்மா மொபெட் நின்ற திசையை ஒரு தடவை பார்த்தார்.

திங்கட்கிழமைவரை இது நிற்க வேண்டுமே என்றார். நான் ரொம்பப் புத்திசாலித்தனமாக ஆகாயத்தைக் காட்டி, "மழையாம்மா வரப்போகுது, கரைஞ்சுபோக?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. வருடக்கணக்காக மழைக்குக் காத்திருக்கிறவர்களிடம் போய் அப்படிச் சொன்னேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறையலாம் போல இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்தது. மதுரை ஜனங்கள் அந்தக் கறுப்பையே மறந்திருந்தார்கள். பெய்தது பாருங்கள், கொட்டு கொட்டென்று. திருநகரில் தெருவே வாசலுக்கு வந்து நின்றது. பிள்ளைகள் ஆடினார்கள், பெரியவர்கள் வெட்கத்தை விட்டு நனைந்தார்கள், என் மனைவி பஜ்ஜி போட்டாள். நானும் நனைந்தேன், இரண்டு பஜ்ஜியும் தின்றேன். மூன்றாவதை எடுக்கும்போதுதான் தூண் நினைவுக்கு வந்தது.

உண்மையை ஒளிக்காமல் சொல்கிறேன். முதலில் எனக்கு வந்தது நிம்மதி. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தேன். தூண் கரைந்துவிடும், அளக்க ஒன்றும் இருக்காது, யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம். என் முகம் மாறியதைப் பார்த்து மனைவி கேட்டாள். சொன்னேன். அவள் எங்கள் பாஷையில் சொன்னதைத் தமிழில் எழுதினால் காரம் பாதிகூட வராது. மண் கரைந்தால் உங்களுக்கு வேலை மிச்சம், அந்தப் பெண்களுக்கு என்ன மிச்சம் என்று கேட்டாள். கேட்டுவிட்டு அடுப்பை அணைத்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். வீரமெல்லாம் இல்லை. திங்கட்கிழமை என்று சொன்னதால் போனேன், அவ்வளவுதான். மழை விடவில்லை. வழியெல்லாம் ரிப்போர்ட்டில் எழுத வேண்டிய வாசகத்தை மனதில் செய்துகொண்டே போனேன். "ஸ்தலத்தைப் பார்வையிட்டதில் பழைய தரைமட்டத்துக்கான ஆதாரம் ஏதும் காணப்படவில்லை." நல்ல வாசகம். யாருக்கும் வலிக்காது.

கரைமேல் ஏறினேன். ஏறியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

பள்ளம் முழுக்க முழங்காலளவு செந்தண்ணீர். நடுவில் தூண் இருந்த இடத்தில் ஒரு பெரிய பொட்டலம் நின்றது. சேலைகளைச் சுற்றி, அதன்மேல் உரச்சாக்கு, சாக்கின்மேல் பனையோலைப் பாய், உச்சியில் ஒரு நீலத் தார்ப்பாய், எல்லாவற்றையும் கிணற்றுக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒரு மூங்கில் ஏணி சாய்ந்திருந்தது. தூணின் அடிக்குத் தண்ணீர் வராமல் சுற்றிலும் கையாலேயே மண் அள்ளி இடுப்பளவு வரப்புப் போட்டிருந்தார்கள். அந்த வரப்புக்குள் கசிகிற தண்ணீரை வாளியிலும் பானையிலும் முகந்து முகந்து வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது அறுபது பெண்கள் இருப்பார்கள். கையிலிருந்து கைக்குப் பானை போய்க்கொண்டிருந்தது. அதில் மேற்கூர்ப் பானை எது, கிழக்கூர்ப் பானை எது என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. முந்தின நாள் மதியம் தொடங்கிய வேலை. மழை ஒரு நிமிஷம் விடவில்லை, அவர்களும் விடவில்லை.

எத்தனை வருடம் அந்த மழைக்காக அவர்கள் கும்பிட்டிருப்பார்கள்? அந்த மழை வந்து தலையில் இறங்கும்போது நிமிர்ந்து முகம் காட்டக்கூட முடியாமல், அதனோடேயே ராத்திரி முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறார்கள். எதற்காக? மொபெட்டில் கம்பைக் கட்டிக்கொண்டே இல்லை என்று சொன்ன ஒருவன், திங்கட்கிழமை வருவான் என்று நம்பி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோயிலில் கூட அப்படிச் சிலிர்த்ததில்லை.

குத்தகைதாரர் ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தார். அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, மழை பார்த்துக்கொள்ளும். கண்ணாடியை இறக்கி, "இந்தச் சேத்துல எங்க சார் எறங்கப் போறீக? மழை வெறிக்கட்டும், புதன் வியாழன்ல பாத்துக்கிடலாம்" என்றார். நல்ல மனுஷர் மாதிரித்தான் சொன்னார். என் கால்கள் வழக்கம்போல அவர் பக்கம் திரும்பப் பார்த்தன. அதற்குள் கீழேயிருந்து ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டார். கூப்பிடவில்லை, கையாட்டவில்லை. பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார். வரிசை முழுக்க ஒவ்வொரு தலையாகக் கரைப்பக்கம் திரும்பியது. கைகள் மட்டும் நிற்கவில்லை.

கோணியை அவிழ்த்துக் கம்பை எடுத்தேன். இறங்கினேன் என்று சொல்ல முடியாது, சறுக்கி விழுந்தேன். எழுந்து நடந்தால் சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கொண்டுபோனார்கள். ஒருவர் இந்த ஊர், ஒருவர் அந்த ஊர். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். மேஸ்திரியம்மா அதற்கு இடமே வைக்கவில்லை.

"வாரேன்னு சொல்லிட்டுப் போனீக, வந்துட்டீக. அம்புட்டுப் போதும். அளங்க சார்."

நான் கட்டை அவிழ்க்கச் சொன்னேன். மறுத்துவிட்டார். கம்பை நிறுத்தி, புத்தகத்தைத் திறந்து, பேனாவைக் கையில் பிடித்த பிறகுதான் அவிழ்ப்போம், இவ்வளவு நேரம் காத்ததை அவசரத்தில் கொடுக்க முடியாது என்றார். அப்படியே செய்தேன். வரப்புக்குள் தூணின் அடியில் கம்பை நிறுத்த, சின்னவர் அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். புத்தகம் நனையாமலிருக்க நாலு பேர் ஒரு சாக்கை விரித்து என் தலைக்குமேல் பிடித்தார்கள். நான் ஏணியில் ஏறினேன். ரோட்டைக் கடக்கப் பயப்படுகிறவன், வழுக்கும் ஏணியில், எவ்வளவு உயரம் என்று தெரிந்தே ஏறினேன்.

கீழேயிருந்து கயிற்றைத் தளர்த்த, உச்சியில் தார்ப்பாயை விலக்கினேன். ஒரு சாப்பாட்டு இலை அளவுக்குப் பழைய கண்மாயின் தரை அங்கே அப்படியே இருந்தது. காய்ந்த கோரைப்புல்லின் வேர், நாலைந்து நத்தை ஓடு, ஏதோ மாட்டின் குளம்புத் தடம் ஒன்று. ஒரு சொட்டு ஈரம் இல்லை. அத்தனை மழையில், அத்தனை தண்ணீருக்கு நடுவில், அந்த ஓர் இலை இடம் மட்டும் பொடிமண்ணாகக் கையில் ஒட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மழை பெய்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது.

கம்பைப் படித்தேன். நாலு மீட்டருக்கு மேல். அவர்கள் கயிறு போட்டு வைத்திருந்த பதிமூன்றரை அடிக்கும் என் கம்புக்கும் இரண்டு விரல்கூட வித்தியாசம் இல்லை. அனுமதி மூன்றடிக்கு. ஏணியைவிட்டு இறங்கி, அந்தச் சாக்கின் கீழ் நின்று, சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினேன். கரையில் நின்ற ஜீப்புக்கும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன் என்று இப்போது பெருமையடிக்கலாம். உண்மையில் குரல் நடுங்காமல் வருவதற்காகக் கத்தினேன்.

சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றேன். பலர் முதியோர் கல்வி வகுப்பில் பெயர் எழுதக் கற்றவர்கள். ஒவ்வொரு எழுத்தாக, மண் ஒட்டிய விரலால், என் பேனாவை முறித்துவிடுவது மாதிரி அழுத்தி எழுதினார்கள். ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு ஊர்ப் பெயர்களும் ஏறின. மேஸ்திரியம்மா எழுதி முடித்தபின் பேனாவைச் சின்னவரிடம் நீட்டாமல், தூணைச் சுற்றிய கயிற்றில் செருகிவைத்தார். அவர் தூணிலிருந்து எடுத்து எழுதினார். அப்போதுதான் பக்கத்திலிருந்த ஒரு பெண் என் காதில் சொன்னார். அரிவாள் வெட்டில் வலது கை போனது சின்னவரின் வீட்டுக்காரருக்கு. அந்த வழக்கில் முதல் ஆளாகப் பெயர் ஏறியிருப்பது மேஸ்திரியம்மாவின் மகன்.

நான் அந்த இரண்டு கையெழுத்தையும் பார்த்தேன். புத்தகத்தை மூடினேன்.

"எழுதியாச்சு" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அத்தனை கைகளும் காத்திருந்தன. வாளிகள் நின்றன. கயிற்றை அவிழ்த்தார்கள், தார்ப்பாய், ஓலைப்பாய், சாக்கு, சேலை எல்லாம் வந்தன. எங்கள் ஜனங்கள் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் சுங்குடிச் சேலைகளும் அதில் நாலைந்து இருந்தன. தூண் வெறும் மண்ணாக மழையில் நின்றது. அதன் பிறகுதான் அந்தப் பெண்கள் நிமிர்ந்தார்கள். முகத்தை வானத்துக்குக் காட்டி, வாயைத் திறந்து, மழையைக் குடித்தார்கள். யாரோ ஒருவர் குலவை போட்டார். அவ்வளவுதான், அறுபது பேரும் சேர்ந்தார்கள். பள்ளத்துக்குள் அந்தச் சத்தம் சுற்றிச் சுற்றி வந்ததை எழுத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. காவலுக்குக் கரையில் நின்ற ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். ஜீப் எப்போது போனதென்று யாரும் கவனிக்கவில்லை.

அரைமணி நேரம் இருக்கும். தூண் மேலிருந்து மெல்லக் கரைந்து, ஒரு பக்கம் சரிந்து, சத்தமில்லாமல் தண்ணீருக்குள் உட்கார்ந்தது. யாரும் தடுக்கப் போகவில்லை. எல்லோரும் அவரவர் துணியையும் பாத்திரத்தையும் தேடிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியம்மா கையில் ஒரு பச்சைச் சேலை. பிழிந்து, உதறி, வழக்கம்போலத் தூண் இருந்த பக்கம் திரும்பினார். அங்கே தண்ணீர்தான் இருந்தது. சேலையை இன்னொரு தடவை உதறினார். பிறகு சின்னவரை நேருக்கு நேர் பார்த்தார்.

"இந்தாத்தா, ஒன் சேலை. ஈரத்தோட நிக்காத, பச்சப்புள்ளக்காரி."

சின்னவர் உடனே வாங்கவில்லை. பிறகு கை நீட்டினார். வாங்கிக்கொண்டு, "நீங்களும் மொதல்ல தலையைத் தொடைங்க" என்றார். அவ்வளவுதான். ஆளுக்கொரு கரை ஏறிப் போய்விட்டார்கள்.

கதைகளில் வருவது மாதிரி இரண்டு ஊரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. பேசியதற்காக அந்த இரண்டு பேரையும் விசாரிக்க வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் யாரோ கிளப்பினார்களாம். அப்படியானால் அங்கே நின்ற எல்லோரையும் தள்ளிவையுங்கள் என்று இரண்டு ஊரிலும் பெண்கள் சொல்லிவிட, ஆண்கள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்களாம். என் அளவுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை வைத்து மண் எடுப்பது நிறுத்தப்பட்டது. ஆனால் எடுத்த மண் திரும்பி வரவா போகிறது? மடைவரைக்கும் தண்ணீர் ஏற இன்னும் இரண்டு நல்ல மழைக்காலம் ஆயிற்று. மூன்றாம் மாதம் என்னை வெகுதூரத்துக்கு மாற்றினார்கள். மாற்றல் உத்தரவைப் பார்த்து நான் அழுவேன் என்று எதிர்பார்த்த மனைவி, நான் சிரித்ததைப் பார்த்துப் பயந்துபோனாள்.

சில வருடங்களுக்கு முன் டிவியில், துருக்கி, ஈராக் பக்கத்துக் குர்து இனப் பெண்கள் தங்கள் மலைக்காட்டையும் ஆற்றையும் காக்கப் போராடுவதைக் காட்டினார்கள். ஒரு பக்கம் சண்டை, ஒரு பக்கம் வறட்சி, நடுவில் இவர்கள். பாஷை ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் ஒரு அம்மா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இவரை எனக்குத் தெரியும் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். ரோட்டைக் கடக்க இன்னும் பயம்தான், அது போகாது போலிருக்கிறது. ஆனால் அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு இருந்த சர்வீஸ் முழுக்க, எந்த மனுவையும் நான் மறுநாளுக்குத் தள்ளியதில்லை. நான் சுலபமாகச் சொல்லிவிடுகிற ஒரு ‘நாளைக்கு’ என்ற வார்த்தைக்காக, எங்கோ யாரோ ஒருத்தி விடிய விடிய மழையில் நிற்க வேண்டியிருக்கும் என்பதை என் கண்ணால் பார்த்தவன் நான்.